டிச் பட்டன் பல்லும் ஒரு பனங்கிழங்கு நாரும்

பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். கொல்லைப்புறத்துத் தொட்டியடியில் அம்மா குனிந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். துப்பிய தண்ணீரில் இளஞ்சிவப்பாக ஓர் இழை ஓடியது.

"என்னம்மா, ரத்தமா?"

"பனங்கிழங்கு குத்தியிருக்கும். வலிக்கலியே எய்யா, பொறவு என்ன? போ, ஒனக்கு வேற சோலி இல்ல."

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வலி இல்லையென்றால் வம்பில்லை என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு வாரம் அப்படியே ஓடியது.

நான் ஓய்வுபெற்ற சப் போஸ்ட் மாஸ்டர். பாளையங்கோட்டையில் வீடு. அம்மாவுக்கு 82 வயது. மேலே ஒன்பது சொந்தப் பற்கள் மிச்சம். கீழ்த்தாடையில் ஒன்றுகூட இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் கீழ்ப் பல்செட் நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, தாடை எலும்பில் இரண்டு டைட்டானியம் திருகுகளைப் பதித்து அவற்றின்மேல் பல்செட்டை மாட்டிக்கொள்ளும்படி செய்தோம். திருகுக்குப் பெயர் இம்ப்ளான்ட். ரவிக்கையில் தைக்கிற டிச் பட்டன் இருக்கிறதே, அதே வித்தைதான். ஈறுக்கு மேலே இரண்டு குமிழ். பல்செட்டின் அடியில் இரண்டு குழி. அழுத்தினால் 'டிச்'. செலவில் பாதி நான், பாதி தங்கச்சி.

மேல் பல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கீழ்ப் பல்செட்டுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நடுவில் நாக்கு ஓயாமல் தள்ளும். பல் போன எலும்பும் வருடத்துக்கு வருடம் கரைந்து, மேடாக இருந்த இடம் வரப்பு தேய்ந்த வயல் மாதிரி ஆகிவிடும். 2002இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு வெறும் பல்செட் போதாது, இரண்டு இம்ப்ளான்ட்டின் மேல் மாட்டும் செட்டைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு மான்ட்ரியல் சங்கதி தெரியாது. மறுபடியும் முறுக்கு கடிக்க முடிந்தது என்பது மட்டும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து நாற்றம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் லேசாக அழுகல் வாடை. அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. மனைவிதான், "அத்தைக்கு வாய்ல என்னமோ இருக்குங்க, ஒருநாள் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

இம்ப்ளான்ட் வைத்த கிளினிக்குக்குப் போனால் அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. காலி பண்ணிப் போய் வருடம் இரண்டாகிறதாம். வேறொரு கிளினிக்குக்குப் போனோம். சின்ன வயது டாக்டரம்மா. முதல் கேள்வியே, "சார், இம்ப்ளான்ட் கார்டு கொண்டுவந்தீங்களா?"

என்ன கார்டு?

எந்தக் கம்பெனித் திருகு, என்ன விட்டம், எவ்வளவு நீளம், மேலே வைத்த குமிழ் எந்த வகை, எந்தத் தேதியில் வைத்தது என்றெல்லாம் எழுதி ஒட்டிய அட்டையாம். திருகுப் பெட்டியில் வருகிற ஸ்டிக்கரையே அதில் ஒட்டிக் கொடுப்பது வழக்கமாம். கம்பெனிக்குக் கம்பெனி திருகின் தலை வேறு, அதைத் திருப்பும் சாவி வேறு. நாளைக்கே குமிழ் தளர்ந்தால் எந்தச் சாவியைப் போடுவது என்று அடுத்த டாக்டர் திண்டாட வேண்டியிருக்கும். அப்போது எடுத்த எக்ஸ்ரே இருந்தால் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். எங்களிடம் அதுவும் இல்லை. பதிவுத் தபாலுக்கு ரசீது வாங்காமல் போகிறவர்களை முப்பத்தெட்டு வருடம் கூப்பிட்டு நிறுத்திக் கையில் கொடுத்தவன் நான். பெற்ற தாயின் வாயில் பதித்த சாமானுக்கு ஒரு துண்டுச் சீட்டு வாங்கி வைக்கவில்லை.

"ஆச்சி, கீழ்ப் பல்லைக் கழட்டுங்க பாப்போம்" என்றார் டாக்டர்.

அம்மா வாய்க்குள் விரலை விட்டாள். நெம்பினாள். நகம் வழுக்கியது. இன்னொரு பக்கம் பிடித்தாள். வலது ஆள்காட்டி விரலின் கணு வீங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதை அந்தப் பெரிய விளக்கு வெளிச்சத்தில்தான் முழுதாகப் பார்த்தேன். நாலு தடவை முயன்றுவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"எத்தன நாளா ஆச்சி கழட்டல?"

பதில் இல்லை. டாக்டர் மறுபடி கேட்கவும் இல்லை.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி பல்லைக் கழற்றி டப்பாவில் போடச் சொன்னால், "பல்லில்லாம படுத்தா மொகம் ஒடுங்கிப் போவுது" என்பாள். பிடிவாதம் என்று நினைத்துவிட்டேன். கழற்ற விரலுக்குத் தெம்பு இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான். வயதானவர்கள் வாயைக் கவனிக்கவில்லை என்று நாம் குறைபட்டுக்கொள்கிற இடத்தில், பாதிக்குப் பாதி, அவர்கள் கை ஒத்துழைக்கவில்லை என்பதுதான் சங்கதியாக இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. "ஒரு தடவை செஞ்சு காட்டும்மா" என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் உண்டு.

டாக்டர் கழற்றினார். பல்செட்டின் அடியில் மாவு படிந்த மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு. இடது பக்கக் குமிழைச் சுற்றி ஈறு பழுத்த கோவைப்பழம் போலப் பளபளத்தது. கூர்மையான இடுக்கியால் டாக்டர் எதையோ பிடித்து மெதுவாக இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது. விரல் கணு நீளத்துக்கு ஒரு பழுப்பு நார். பனங்கிழங்கு நார். பல்செட்டுக்கு அடியில் புகுந்து, குமிழின் கழுத்தில் கட்டுத்தறிக் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு, ஈறுக்குள் இறங்கியிருக்கிறது. பஞ்சில் வைத்து என்னிடம் காட்டினார். உடன்குடியிலிருந்து மச்சான் கொண்டுவந்த கட்டு அது. நான்தான் வேகவைத்து உரித்துக் கொடுத்தேன்.

இவ்வளவுக்கும் ஏன் வலிக்கவில்லை? என் கேள்வி அதுதான்.

சொந்தப் பல் எலும்பில் நேராக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார்கள் ஆயிரக்கணக்கில் கட்டிப் பிடித்திருக்கின்றன. சோற்றில் ஒரு குறுணிக்கல் கடிபட்டால் சட்டென்று தெரிவது அந்த நார்களில் இருக்கும் நரம்பால்தான். ஈறிலிருந்து வரும் நார்களும் வேரிலேயே குத்திட்டு நின்று அணை போட்டிருக்கும். இம்ப்ளான்ட்டில் இது எதுவும் கிடையாது. டைட்டானியத்தின்மேல் எலும்பு நேராக வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. ஈறு அதன் கழுத்தைச் சும்மா அணைத்துக்கொண்டு நிற்கிறது. நார்கள் அதில் குத்தி நிற்பதில்லை, பக்கவாட்டில் சுற்றி ஓடுகின்றன. அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் அழுக்கு உள்ளே இறங்கினால் எதிர்த்து நிற்க ஆள் பலம் போதாது. இறங்குவது தெரிவதும் இல்லை.

அம்மாவுக்கு இதை நான் வேறு விதமாகச் சொன்னேன். கோயிலில் சாமியைப் பீடத்தில் நிறுத்திச் சுற்றிலும் அஷ்டபந்தனம் சாத்துகிறார்கள் அல்லவா? மருந்து கெட்டியாக இருக்கிற வரைக்கும் அபிஷேகத் தண்ணீர் கீழே இறங்காது. ஒரு இடத்தில் விண்டுபோனால் பாலும் தேனும் அடியில் போய்த் தேங்கும். வெளியே பார்த்தால் அலங்காரம் நன்றாகத்தான் இருக்கும். உன் ஈறுதான் அஷ்டபந்தனம். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்க கும்பாபிஷேகமா?" என்றாள். இல்லை, தினம் தினம் என்றேன்.

எலும்பு டைட்டானியத்தோடு சேரும் என்பதே தற்செயலாகக் கண்டுபிடித்த விஷயம். 1950களில் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்பவர் முயலின் எலும்பில் டைட்டானியக் குழாயை வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். முடிந்ததும் குழாயை எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்போடு எலும்பாகியிருந்தது. 1965இல் கோஸ்டா லார்சன் என்ற நோயாளிக்குத் தாடையில் பதித்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ளவர் அவர். 2006இல் காலமாகும் வரை நாற்பது வருடத்துக்கு மேல் அந்த இம்ப்ளான்ட்களோடு வாழ்ந்தார். சுவர் விளம்பரங்களில் 'ஆயுள் கியாரண்டி' என்று போடுகிறவர்கள் இதைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். திருகுக்கு வேண்டுமானால் ஆயுள் கியாரண்டி கொடுக்கலாம். அதைப் பிடித்திருக்கிற எலும்புக்கு எந்தக் கம்பெனி கொடுக்கும்?

இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது. அது உண்மைதான். அதை வைத்து அதற்கு ஒன்றுமே வராது என்று எடுத்துக்கொண்டதுதான் எங்கள் தப்பு. சுற்றியிருக்கும் ஈறு மட்டும் வீங்கி ரத்தம் கசிந்தால் அது முதல் கட்டம். அழுக்கை நீக்கிச் சுத்தமாக வைத்திருந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். அடுத்த கட்டத்தில் எலும்பு கரையத் தொடங்கும். போன எலும்பை மீட்பது பெரும்பாடு. இரண்டாவது கட்டத்தில்கூடப் பலருக்கு வலி இருப்பதில்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, மெல்லிய அளவுகோலை ஈறின் ஓரத்தில் விட்டுப் பார்த்துவிட்டு, "எலும்பு இருக்கிற எடத்துல இருக்கு சார். ஈறு மட்டும்தான்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சாதாரண எஃகுக் கருவி டைட்டானியத்தைக் கீறிவிடும் என்று அதற்கென்று உள்ள கருவியால் சுத்தம் செய்தார். இரண்டு வாரத்துக்கு குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பான் எழுதினார். அதைக் காலம் பூராவும் கொப்பளிக்கக் கூடாது. பல்லில் கறை ஏறும், நாக்கில் ருசி கெடும்.

பிறகு அவர் செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான வைத்தியம். பல்செட்டின் குழிக்குள் இருந்த நைலான் வளையங்களை எடுத்துவிட்டு வேறு நிறத்தில் இரண்டைப் போட்டார். இந்த வகைப் பட்டனில் நிறத்துக்கு ஒரு பிடிமானம்; எங்களுக்கு முன்னால் போட்டிருந்தது இறுக்கமானது, இப்போது போட்டது இளக்கமானது. "ஆச்சி, இப்பக் கழட்டுங்க." இரண்டு கட்டை விரலையும் ஓரத்தில் கொடுத்து அம்மா நெம்பினாள். டிச். கழன்று வந்தது. தானே கழற்றிய பல்லைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள், பொக்கை வாயோடு.

இந்த வளையங்கள் தேயும். பல்செட் தொளதொளத்தால் வளையத்தைத்தான் மாற்ற வேண்டும். பசை வாங்கி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மாட்டும்போது குமிழுக்கு நேராக வைத்துக் கட்டை விரலால் அமுக்க வேண்டும். வாயில் போட்டுக் கடித்து மாட்டினால் வளையம் சீக்கிரம் கெட்டுப்போகும். அம்மா ஆறு வருடமும் கடித்துத்தான் மாட்டியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சைக்கிள் கடைக்குப் போனேன். ஹேண்டில் பாரில் மாட்டுகிற ரப்பர் கிரிப் ஒன்று வாங்கி, பிரஷ்ஷின் காம்பில் துணி சுற்றி, அதற்குள் செருகினேன். மெல்லிய காம்பை இறுக்கிப் பிடிக்க முடியாத விரலுக்குத் தடித்த காம்பு பிடிபடும். மென்மையான தூரிகை உள்ள பிரஷ். ஈறும் குமிழும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்துச் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். குமிழின் பின்பக்கம், நாக்கை ஒட்டிய பக்கம், பெரிய பிரஷ் போகாது. அதற்கு ஒற்றைக் கொத்து பிரஷ் என்று சின்னது ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் நான் தேய்த்துவிடுகிறேன். மிச்சம் அம்மா. எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் அவர்கள் கை இன்னும் சோம்பிப்போகும், மனசும் சுருங்கும்.

முதல் வாரம் பிரஷ்ஷில் ரத்தம் வந்தது. "ரத்தம் வருதே, விட்ருவோம்" என்றாள். ரத்தம் வருவதே அங்கே அழுக்கு இருப்பதால்தான்; விட்டால் கூடும். பத்து நாளில் நின்றது.

அம்மாவின் பழைய பழக்கம் உமிக்கரியும் உப்பும், அப்புறம் சிவப்புப் பற்பொடி, ஆள்காட்டி விரலால். அந்தத் தலைமுறையின் பல்லுக்கு என்ன குறைந்துபோனது என்று கேட்பவர்கள் உண்டு. குறைந்துபோனதால்தானே கீழே ஒன்றுமில்லாமல் போனது! அதை விடுங்கள். பல்செட் பிளாஸ்டிக், பற்பொடி போட்டால் கீறல் விழும், கீறலில் அழுக்கு குடியேறும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டும் தனி பிரஷ்ஷும் போதும். கழுவும்போது வாஷ்பேசினில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு அதன்மேல் கழுவுவது நல்லது. கை தவறினால் தண்ணீரில் விழும், உடையாது. கொதிக்கிற தண்ணீர் கூடாது, வளைந்துவிடும். ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊற வேண்டும். மூடி போட்ட டப்பாவில்தான், காகிதத்தில் சுருட்டி வைக்கவே கூடாது. எங்கள் பெரியம்மை, அதாவது பெரியம்மா, ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவள் பல்செட்டைக் காகிதத்தில் சுருட்டித் தலைமாட்டில் வைத்தோம். காலையில் குப்பையோடு போய்விட்டது.

ராத்திரி கழற்றச் சொல்வது ஈறுக்கு ஓய்வு கொடுக்க மட்டுமில்லை. ஜப்பானில் 85 வயது தாண்டியவர்களைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாம். வாயில் பெருகும் கிருமிகள் தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குகின்றன. இதை அம்மாவிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவாள். "மொகம் ஒடுங்கிப் போவுது" என்பதற்கு மட்டும் ஒரு வழி செய்தேன். படுக்கையறை விளக்கை அணைத்த பிறகு கழற்றி டப்பாவை என்னிடம் கொடுக்கலாம் என்று ஏற்பாடு. பேரன் பேத்திகள் பார்க்கப்போவதில்லை.

மேலே இருக்கும் ஒன்பது சொந்தப் பற்களை நாங்கள் மறந்தே போயிருந்தோம். அங்கே ஈறு நோய் இருந்தால் அதே கிருமிக் கூட்டம்தான் கீழே இம்ப்ளான்ட்டுக்கும் வரும். பல்லை ஈறு நோயால் பறிகொடுத்தவர்களுக்கு இம்ப்ளான்ட் பக்கமும் தொல்லை வரும் வாய்ப்பு கூடுதல். பல்லிடுக்கில் விடுகிற குட்டி பிரஷ்கள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. கம்பிமேல் பிளாஸ்டிக் பூசியதாகப் பார்த்து வாங்க வேண்டும். நூல் விட்டுத் தேய்ப்பதானால் இம்ப்ளான்ட் பக்கம் ஜாக்கிரதை. சொரசொரப்பான இடத்தில் மாட்டி இழை பிய்ந்து உள்ளேயே தங்கினால் பனங்கிழங்கு நார் கதைதான். தண்ணீர் பீய்ச்சும் மெஷின் ஒன்றும் வரவழைத்தேன். முதல் நாள் அம்மாவின் முகம், என் சட்டை, சுவரில் இருந்த காலண்டர் எல்லாம் நனைந்தன. "தீயணைப்புக்காரன் வேலையால்ல இருக்கு" என்றாள். அலமாரியில் தூங்குகிறது. பழகியவர்களுக்கு நல்ல சாதனம்தான்.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் உள்ள உறவு மாமியார் மருமகள் உறவு மாதிரி. ஒன்று கோபித்தால் மற்றது சும்மா இருக்காது. சர்க்கரை ஏறினால் ஈறு சீக்கிரம் கெடும், ஆற நாளாகும். ஈறு புண்ணாகவே இருந்தால் சர்க்கரை லேசில் இறங்காது. ஈறு நோய்க்கு முறையாக வைத்தியம் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. சின்ன எண்தான், மாத்திரை கூட்டாமல் கிடைக்கிற எண்.

பல் டாக்டரிடம் போகும்போது மாத்திரைப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போவது உத்தமம். பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். தூக்கத்துக்கும் சளிக்கும் போடும் சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் வாய்க்குக் காவல் போச்சு. எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிற அம்மாமார் நிறையப் பேர். அந்த ஊசி போட்டவர்களுக்குப் பல் பிடுங்கினாலோ இம்ப்ளான்ட் வைத்தாலோ தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து சிலருக்கு உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை, பல் டாக்டரிடம் போகிறோம் என்று நாமாக நிறுத்தவும் கூடாது.

ஆஸ்பத்திரியில் பல்செட்டைத் தொலைத்த பெரியம்மைக்கு இப்போது வயது 87. ஞாபகம் விட்டு விட்டு வருகிறது. பிரஷ்ஷோடு எதிரே போய் நின்றால் யாரோ அடிக்க வருகிறார்கள் என்று வாயை இறுக்கிக்கொள்வாள். ஒருநாள், அவளைப் பார்த்துக்கொள்கிற அக்காவின் விரலைக் கடித்தே விட்டாள். இப்போது அக்கா, கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பின்னால் நின்றுகொள்கிறாள். பெரியம்மை கையில் ஒரு பிரஷ், அக்கா கையில் ஒன்று. அக்கா தன் பல்லைத் தேய்க்க ஆரம்பித்தால் கண்ணாடியில் பார்த்து பெரியம்மையும் தேய்க்கிறாள். கை நின்றுபோனால் அக்கா தன் கையை அதன்மேல் வைத்து அசைத்துவிடுகிறாள். மாலையில் பெரியம்மைக்கு எரிச்சல் கூடும் என்பதால் நன்றாகத் தேய்ப்பது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. முடியாத நாளில் ஈரத் துணியால் துடைத்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறாள். சண்டை போட்டுச் சுத்தம் செய்து என்ன லாபம், மறுநாள் வாயே திறக்க மாட்டாள் என்பது அக்காவின் கணக்கு.

எங்கள் டாக்டர் நாலு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். புதிதாக ஒரு அட்டை போட்டுக் கொடுத்தார். எக்ஸ்ரேவைப் பார்த்து ஊகித்து எழுதியது, ஸ்டிக்கர் இல்லாதது. அதைக் கண்ணாடிக் காகிதம் போட்டு, பென்ஷன் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். தங்கச்சிக்கும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியாயிற்று. லட்சம் ரூபாய் கிட்டத்தட்ட செலவழித்துப் பல் வைத்துவிட்டு, அறுபது ரூபாய் பிரஷ்ஷுக்கும் நாலு மாதத்து ஆட்டோக் கூலிக்கும் யோசிக்கிற வீடுகளைப் பார்க்கிறேன். எங்கள் வீடும் போன தை வரைக்கும் அப்படித்தான்.

இந்தத் தையில் உடன்குடி மச்சான் மறுபடியும் பனங்கிழங்குக் கட்டோடு வந்தார். நான் தயங்கினேன். அம்மா விடவில்லை. மஞ்சள் போட்டு வேகவைத்து, நாரை உரித்து, நடுத்தண்டை எடுத்து எறிந்துவிட்டு, பூண்டும் நல்லமிளகும் சேர்த்து உரலில் இடித்துக் கொடுத்தாள் மனைவி. அம்மா இரண்டு உருண்டை தின்றாள். தின்று முடித்துக் கையை நீட்டினாள்.

"எய்யா, அந்த டப்பாவ எடு. வலிக்கலதான். இருந்தாலும் ஒருக்க கழட்டிப் பாத்துருவோம்."